துரைக்கு வைக்காத தண்ணீர்

நம் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறீர்களா? உங்கள் முட்டிவலிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அழுததைக் கேட்கவில்லை. ஒரு பூனைக்காக அழுதிருக்கிறீர்களா? சென்ற மாதம் நான் அழுதேன். செவிலிமேட்டில் என் மகள் வீட்டுப் பூனைக்கு வயதாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. மகள் அதைக் கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண். பூனையை எடை போட்டாள், வாயைத் திறந்து பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, "தண்ணி வழக்கத்தவிட அதிகமா குடிக்குதாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

"அம்மா, பூனைக்குத்தான் ஒடம்பு சரியில்ல. உனக்கு இன்னா ஆச்சு?" என்று மகள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். டாக்டர் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மகளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால், "ஐயோ, இப்படியுமா இருந்தீங்க?" என்பாள். இருந்தோம்தான். உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்கள், வீட்டில் பூனையை எதற்கு வைத்திருந்தோம் என்று தெரிந்தவர்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்குப் போய்விடும். தரையில் ஒரு குழி. அப்பா அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிப்பார். தறியில் நீட்டிய பாவு நூலில் அரிசிக் கஞ்சி ஏறியிருக்கும், அந்த வாசனைக்கு எலி வரும். எலி ஒரு ராத்திரி பல் வைத்தால் போதும், வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் பூனை வைத்திருந்தோம். பாசமெல்லாம் பிற்பாடு வந்தது. காவலுக்கு ஆள் வைக்கிற மாதிரிதான் வைத்தோம்.

எங்கள் காவல்காரன் பெயர் துரை. சாம்பல் நிற உடம்பு, கழுத்தடியில் மட்டும் வெள்ளை. முன்னங்கால்களை மடித்து மார்பில் செருகிக்கொண்டு, யாரையும் சட்டை பண்ணாமல் உட்கார்ந்திருப்பான். பெரியப்பாதான் அந்தப் பெயரை வைத்தார். "துரை எழுந்துட்டாரா? துரைக்குக் காப்பி ஆச்சா?" என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் பல் துலக்கவே போவார். நான் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அவன் எலி பிடித்துக்கொண்டிருந்தானாம். எனக்கு விவரம் தெரிந்தபோது அவன் கிழவனாகிவிட்டிருந்தான்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். பெரியம்மா போய்ச்சேர்ந்த பிறகு எங்களோடு வந்து இருந்தார். குழந்தை குட்டி கிடையாது. அவரும் நெய்தவர்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம் அவருக்குக் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, தறியில் உட்கார முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கிட்னி என்றார்கள். உப்பு கூடாது, தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அதற்கென்றே ஒரு பித்தளைச் செம்பை ஒதுக்கினாள். காலையில் அதை நிரப்பி வைப்பாள், ராத்திரி வரைக்கும் அவருக்கு அதுதான். சித்திரை வெயிலில் ஒரு செம்புத் தண்ணீர்! தறிக் குழிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதில் படுத்திருப்பார். செம்பை மார்பின் மேல் வைத்துக் குளிர்ச்சியை வாங்கிக்கொள்வார்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் துரைக்கும் உடம்பு கெட ஆரம்பித்தது. கெட ஆரம்பித்தது என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அதை யாரும் நோய் என்று பார்க்கவில்லை. பரண்மேல் ஒரே தாவாகத் தாவுகிறவன், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். "சோம்பேறி ஆயிட்டான்" என்றார் அப்பா. நாளெல்லாம் உடம்பை நக்கி வழித்துக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டான். முதுகு மயிர் சடைசடையாகத் திரிந்து, தடவினால் கையில் எலும்பு எலும்பாகத் தட்டியது. "வயசாச்சுல்ல" என்றாள் அம்மா. மீன் தலையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "துரைக்கு நாக்கு நீண்டுபோச்சு, மீன் கசக்குது" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. கிட்டே வந்தால் வாயில் ஒரு கெட்ட வாடை. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது, பாருங்கள்.

தண்ணீர் மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. குடித்தான் குடித்தான், அப்படிக் குடித்தான். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் சுற்றிய குச்சிகளை நனைத்து வைக்கிற கிண்ணம் அப்பாவின் பக்கத்திலேயே இருக்கும். அதில் வாயை வைத்தால் எடுக்க மாட்டான். களக் களக்கென்று அந்தச் சத்தம் தறி நிற்கும்போதெல்லாம் கேட்கும். குடித்துவிட்டு நேரே குழிக்குள் இறங்கி, அங்கேயே மூத்திரம் பெய்துவிட்டுப் படுத்துக்கொள்வான். முன்பெல்லாம் கொல்லையில் மண்ணைத் தோண்டி மூடிவிட்டு வருகிற சுத்தக்காரன் அவன்.

தறியில் அப்போது ஏறியிருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. அரக்குச் சிவப்பு, இரண்டு பக்கமும் கரை வைத்த ரெட்டைப் பேட்டு. பட்டில் பூனை மூத்திர வாடை ஏறினால் அந்தப் புடவையை யார் தொடுவார்கள்? கல்யாணப் பெண் உடுத்துகிற துணி. அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மிதிபலகையில் காலை வைக்குமுன் குனிந்து குழிக்குள் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "துரையும் பெரிப்பா மாதிரியே இருக்கான்மா. அவருக்கும் சோறு எறங்கல, இவனுக்கும் எறங்கல. ரெண்டு பேருக்கும் ஒரே தாகம்."

அம்மா விட்டாள் ஒரு அறை. "பெரியவரையும் பூனையையும் ஒண்ணா வெச்சிப் பேசுறியா? நாக்குல சூடு போட்டுடுவேன்!"

பெரியப்பா கட்டிலில் படுத்தபடி, "உட்டுடும்மா, கொழந்த சரியாத்தான் சொல்லுது" என்றார். யாரும் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், என்னை அறைந்த அதே அம்மா சாயங்காலமே அப்பாவிடம், "தோ பாருங்க, பெரியவருக்கே தண்ணியக் கொறைக்கச் சொல்லிட்டாங்க ஆஸ்பத்திரில. இவன் மட்டும் குடிச்சிக்கினே கெடந்தா எப்படி? அத்தினியும் குழியிலதான வுடுறான்? தண்ணிய நிறுத்தினா அதுவும் நிக்கும், ஒடம்பும் தேறும்" என்றாள். அப்பா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் சொன்ன வைத்தியம், மனுஷனுக்கு நல்லது பூனைக்கும் நல்லது என்று நினைத்துவிட்டார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. கெட்டவர்களாக இருந்து செய்திருந்தாலாவது இரண்டு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் முதல் குடத்தின் மேல் தட்டு, தட்டின் மேல் கல். கொல்லைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். ஊடைக் கிண்ணம் மாடத்தில் ஏறியது. துரைக்குக் காலையில் ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம், அதோடு சரி. அதை நக்கித் தீர்த்துவிட்டு, காய்ந்த கொட்டாங்கச்சியை வீடெல்லாம் நகர்த்திக்கொண்டே நக்குவான். தெருக்குழாய் அடியில் போய் உட்கார்ந்து, சொட்டு விழுமா என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பான். பித்தளைக் குடத்தின் வெளியில் வேர்த்திருக்கும் அல்லவா, அதை நக்குவான். கத்த வாயைத் திறப்பான், சத்தம் வராது. "பாவம்மா" என்பேன். "மருந்து கசக்கத்தான் செய்யும்" என்பாள்.

ஆனால் குழியில் ஈரம் நிற்கவில்லை. அதுதான் அப்பாவுக்கு ஆத்திரம். தண்ணீரை இவ்வளவு கட்டியும், தினம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கட்டில் பக்கத்துக் குழிச் சுவர் நனைந்து கிடக்கும். கீழே துரை படுத்திருப்பான். "எங்க இருந்துடா வருது உனக்கு? வேணும்னே பண்றியா? திமுரா?" என்று அப்பா கத்துவார். அந்த ஈரத்தைக் குனிந்து மோந்து பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வைகாசிக் கருட சேவைக்குச் சில நாட்கள் முன்னால், குழியின் ஈரம், நெய்து சுருட்டின புடவைக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. அப்பா ஒரு கோணிப்பையை எடுத்தார். துரை முரண்டு பிடிக்கவில்லை. பிடிக்கிற பலம் எங்கே இருந்தது? அப்பா பையைச் சைக்கிள் கேரியரில் கட்டி, செவிலிமேட்டுப் பக்கம் ஒரு நெல் மில்லில் விட்டுவிட்டு வந்தார். "நல்ல எடம். எலி சும்மா மேயுது. பொழச்சிக்குவான்" என்று யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னார். பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டதற்கு, வயிறு மந்தமாக இருக்கிறது என்றுவிட்டார். நான் அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

கருட சேவை அன்று எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் எங்கள் பெருமாள் வரதர் கருட வாகனத்தில் புறப்பட்டுவிடுவார். சுற்றுவட்டத்து ஜனமெல்லாம் தெருவில்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். வந்தவர் தாகத்தோடு போகக் கூடாது என்பது பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன வழக்கம். எங்கள் வாசலிலும் தென்னங்கீற்றுப் பந்தல். மணலைக் கொட்டி அதன்மேல் பெரிய மண்பானைகள். ஒன்றில் நீர்மோர், ஒன்றில் பானகம், ஒன்றில் வெட்டிவேர் போட்ட தண்ணீர். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய நாமத்தோடு, கையில் அகப்பையை வைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, வயிறு நெறையக் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்குத்தான் முகமே மலரும். பெரியப்பாவின் கட்டிலையும் வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தோம்.

வெயில் ஏறிய நேரம். கூரத்திலிருந்து நடந்து வந்திருந்த ஒரு அம்மாள் மோரைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் குனிந்து பார்த்தாள்.

"இது யார் வூட்டுப் பூனைபா? அய்ய, சேத்த நக்கிக்கினு கெடக்குதே!"

பானையிலிருந்து சிந்திய தண்ணீரில் மணல் குழம்பியிருந்தது. அத்தனை பேர் காலுக்கு நடுவில், அந்தச் சேற்றில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தான் துரை. செவிலிமேட்டிலிருந்து எப்படி வந்தான், எந்தச் சந்தில் நுழைந்து எந்த ரோட்டைத் தாண்டினான், தெரியாது. கண் உள்ளே போயிருந்தது. மூக்கெல்லாம் மணல்.

"தெருவெல்லாம் பந்தல் போட்டு வெச்சிக்கினு, ஒரு வாயில்லா ஜீவனுக்கு ஊத்தலியா யாரும்?" என்றாள் அந்த அம்மாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "யார்துபா இது?"

அப்பா அகப்பையைப் பானைக்குள் விட்டுக் கலக்கினார். "தெரியலமா" என்றார். "நம்ம தெரு பூனை இல்ல."

அந்தக் குரல் துரையின் காதில் விழுந்துவிட்டது. தலையைத் தூக்கினான். தள்ளாடி எழுந்து, நாலு பேர் காலைத் தாண்டி வந்து, அப்பாவின் வெள்ளை வேட்டியில் முகத்தைத் தேய்த்தான். வேட்டி முழுக்கச் சேறு.

"நல்லாருக்குது போ! உன் கால்லதான் வந்து ஒரசுது, தெரியாதுன்றியே?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அப்பாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். வீங்கின காலை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றி, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"டேய் தம்பி, அவனைத் தூக்குடா. குழியில ஈரம் பண்ணது நான்டா."

"இன்னாண்ணா சொல்ற?"

"என் செம்புத் தண்ணி. பாதிய அவனுக்குத்தான் ஊத்துவேன். கட்டில்ல படுத்துக்கினே, கையக் குவிச்சி குழிக்குள்ள தொங்கவுட்டு ஊத்துவேன். அவன் குடிச்சது கொஞ்சம், வழிஞ்சது கொஞ்சம். அவன் பெஞ்சதும் உண்டுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ பாத்துப் பாத்துக் கத்தினியே, அது அத்தினியும் தண்ணிடா."

"அப்ப அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அப்பா. "நான் கோணிய எடுக்கும்போதே வாயத் தொறந்திருக்கக் கூடாதா?"

"உக்காந்து சோறு துன்றவன் இன்னாத்தப் பேசுறதுன்னு இருந்துட்டேன்டா" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மெல்லக் கலைந்தது. வீட்டுக்குள்ளிருந்து வந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயே போய்விட்டாள்.

அப்பா அகப்பையை என் கையில் கொடுத்தார். துரையை அள்ளி மார்பில் சாத்திக்கொண்டு, நாமம் போட்ட நெற்றியோடு, சேற்று வேட்டியோடு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். பூனைக்கு வைத்தியம் என்று அந்தக் காலத்தில் யாராவது போனதுண்டா? நான் அகப்பையை அம்மாவிடம் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அங்கே எருமையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒருவர், "இன்னாபா, பால் குறைஞ்சிபோச்சா?" என்றார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா நேரே டாக்டரிடம் போனார்.

டாக்டர் சிரிக்கவில்லை. துரையின் முதுகுத் தோலைப் பிடித்து இழுத்துவிட்டார். இழுத்த தோல் இறங்காமல் அப்படியே நின்றது.

"தண்ணி நிறைய குடிக்குமா?"

"குடிச்சிச்சு சார். நாங்கதான் நிறுத்திட்டோம்."

"ஏன்? யார் நிறுத்தச் சொன்னது?"

"எங்கண்ணனுக்குச் சொன்னாங்க சார், ஆஸ்பத்திரில. கிட்னின்னு. அதே மாதிரி இருக்குதேன்னு…"

டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணனுக்கு உடம்புல தண்ணி தேங்குதுய்யா. அதனால கட்டுப்படுத்தச் சொல்லியிருக்காங்க. இதுக்கு தேங்கவே மாட்டேங்குது, ஓட்டைப் பானை மாதிரி ஒழுகிக்கிட்டே இருக்கு. ஒழுகுறத ஈடுகட்டத்தான் அது அவ்வளவு குடிச்சிருக்கு. நீங்க அதையும் அடைச்சிட்டீங்க." பிறகு துரையின் தோலுக்கடியில் ஊசி குத்தி, பாட்டில் மருந்தை மெதுவாக ஏற்றினார். "வயசான பூனை. இது சரியாகிற வியாதி இல்ல. கேட்கிறப்பெல்லாம் தண்ணி வைங்க. இருக்கிறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்."

அப்பா கும்பிட்டார். திரும்பி வரும் வழியில் ஊர் முழுக்க மேளச் சத்தம், பந்தலுக்குப் பந்தல் "மோர் குடிச்சிட்டுப் போங்க சார்" என்று கூப்பிட்டார்கள். அப்பா ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அகலமான ஒரு மண்சட்டியை எடுத்து, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். துரை குடிக்க ஆரம்பித்தான். களக் களக் களக்கென்று நிற்காமல் குடித்தான். நாங்கள் எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவனுக்கு அளவு கெடயாதா?" என்று கேட்டார் பெரியப்பா.

"கெடயாதாம்ணா."

பெரியப்பா உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். "குடிக்கட்டும்டா. எனக்கும் சேத்து நல்லாக் குடிக்கட்டும்" என்றார். அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து பெரியப்பா பார்க்க அப்பா ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. தாகம் எடுத்தால் எழுந்து கொல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

துரை அதன்பிறகு சில வாரம் இருந்தான். அப்பா குழியில் மணல் கொட்டிக் கொடுத்தார். தினம் காலையில் நனைந்த மணலை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் தறியில் உட்கார்ந்தார். அம்மா மீனை வேகவைத்து, முள் எடுத்து, பிசைந்து விரலால் ஊட்டிப் பார்ப்பாள். அந்தப் புடவையில் ஒரு துளி கறை கிடையாது. முடித்துத் தறியிலிருந்து அறுத்தபோது அப்பா அதை முகத்தில் வைத்து முழு நீளமும் மோந்து பார்த்தார். பிறகு மடித்து, நெய்யச் சொன்னவர்களிடம் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் துரையால் சட்டி வரைக்கும் நகர முடியவில்லை. அப்பா தறியிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரலைத் தண்ணீரில் முக்கி அவன் வாயோரம் வைத்தார். துரை நக்கினான். மறுபடி முக்கி வைத்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் அந்த விரலை, கோணிப்பையின் வாயை முறுக்கிக் கட்டின அதே கையை, நக்கிக்கொண்டே இருந்தான். தொண்டைக்குள் கர்ரென்று அந்தச் சத்தம் வேறு. பூனை சந்தோஷத்தில் போடுமே, அது.

அப்பா கையை எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு தடவ பிராண்டியிருந்தான்னா நல்லா இருந்திருக்கும் பாப்பா" என்றார்.